மேற்குத் தொடர்ச்சி மலையில் அத்தான் துண்டு

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி, ஆடி மாதங்களில் சொந்த வீடு கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுந்த சேதி எப்படித்தான் போகுமோ, மறுநாளே சொந்தக்காரர்கள் எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக வந்து இறங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடங்களையும் அதே சமயத்தில்தான் திறப்பார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தவர் யாரென்று தெரிந்தால் இந்த வயதிலும் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, உபாத்தியாயர் பயிற்சி முடித்த கையோடு இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூகோள வாத்தியார் வேலை கிடைத்தது. கிடைத்தது என்று முழுசாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட மானேஜர் பெரிய நிலக்காரர். முதல் நாள் பாடத்தைத் தானே வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். பிடித்தால் வேலை எனக்கு, பிடிக்காவிட்டால் தன் தங்கச்சி மகனுக்கு என்று சொல்லிவிட்டார். (தங்கச்சி மகன் என்ன பரீட்சை தேறினான் என்று கேட்கிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை.)

நான் சும்மா இருப்பேனா? ஒரு வருஷப் பாடத்தையும் ஒரே மலையைச் சுற்றி அமைத்தேன். மேற்கிலிருந்து மேகம் வருகிறது, மலையில் மோதுகிறது, மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது, கிழக்குச் சரிவு காய்கிறது. அதிலிருந்து ஆறு, பயிர், ஜனங்கள், தொழில் என்று படிப்படியாகப் போகும். இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பொம்மையாகச் செய்து மேஜைமேல் வைக்க வேண்டும். வாசலில் நின்றாலே நிஜ மலை தெரியும்போது பொம்மை எதற்கு என்று அண்ணன் கேட்டான். பயிற்சிப் பள்ளியில் படித்திராதவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

எங்கள் பக்கத்துப் பெண்கள் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து மை போல ஆட்டி முறத்துக்கும் கூடைக்கும் மெழுகுவார்கள். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதிலேயே மலை செய்யலாம் என்று சொன்னவள் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி. நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் கோவில்பட்டியிலிருந்து அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவனுக்கு எப்படிப் பசிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தானுக்குக் குளிக்காமலே அப்படித்தான் பசிக்கும். ஆட்டுரலில் இட்லிமாவு இறங்கினால் தோசைமாவு ஏறியது. என் மலைக்கு இடமே இல்லை.

மதினி பாவம், இடையில் பேருக்கு ரெண்டு சுற்று ஆட்டித் தந்தாள். வெந்தயம் முழுசு முழுசாகக் கிடந்தது.

"இன்னும் மசியல தம்பி. சாயங்காலம் ஆட்டித் தாரேன்" என்றாள்.

பாடக் குறிப்பு எழுத வேண்டியது மலையாகக் கிடக்கிறது, சாயங்காலம் வரை காத்திருக்க முடியுமா? அப்படியே வாங்கிப் பலகையில் அப்பிவிட்டேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாரல் காலத்தில் வெயில் ஏது? பின்கட்டு அறையில் கரித்தணல் போட்டு, அதற்கு மேலே பலகையைத் தூக்கி வைத்து, சாக்கால் மூடினேன். பள்ளிக்கூடம் திறக்கும்வரை யாரும் சாக்கைத் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சாக்கின்மேல் அத்தானின் ஈரத்துண்டு, ஈரவேட்டி, இன்னும் சொல்லக்கூடாத ஈரங்கள். மனிதருக்குத் துணியைப் பிழிகிற பழக்கமே கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"தணல் சும்மாத்தானே கெடக்கு மாப்ளே. துண்டு காய்ஞ்சா உனக்கு என்ன நட்டம்?" என்றார்.

வீட்டு மருமகனை எதிர்த்துப் பேசலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் குறிப்பு எழுதினேன். அத்தான் தினமும் அருவிக்குப் போனார். அருவி தினமும் என் மலைக்கு வந்தது.

முதல் நாள் மலையைச் சாக்கோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வகுப்பில் மானேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் தலைமை ஆசிரியர் கைகட்டி நின்றார். நான் கணீரென்று ஆரம்பித்தேன். மேகம், மோதல், மழை எல்லாம் அழகாக வந்தது. "ஆகவே கிழக்குச் சரிவில் மழை குறைவு, புல் பூண்டு முளைப்பதே அபூர்வம்" என்று முடித்து, சாக்கை விலக்கினேன்.

மேற்குச் சரிவு மொட்டையாக இருந்தது. பேப்பரில் அச்சடித்த எழுத்துகூடத் தெரிந்தது. கிழக்குச் சரிவு முழுக்க, வெளிறிப்போன மஞ்சள் நிறத்தில், விரல் உயரத்துக்கு வெந்தயம் முளைத்து நின்றது. அந்தப் பக்கம்தான் அறைக் கதவைப் பார்த்து இருந்தது. அத்தான் உள்ளே வந்து துணி போட அதுதான் அவருக்கு வாகு.

மானேஜர் எழுந்து வந்தார். ஒரு முளையைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார்.

"என்னவே வாத்தியாரே, மழையே பெய்யாதுன்னு சொல்லுத பக்கம்லா வெள்ளாமை அமோகமா இருக்கு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது மழை இல்லய்யா, எங்க அத்தான் துண்டு" என்றேன்.

வகுப்பு அதிர்ந்தது. மானேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"காயிதத்துலயே முளைக்க வச்சிருக்காரு. மண்ணக் குடுத்தா என்ன செய்வாரோ. இவர தோட்ட வேலைப் பாடத்துக்குப் போடுங்க."

பூகோளம் தங்கச்சி மகனுக்குப் போனது. (தாமிரபரணி எந்தக் கடலில் விழுகிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் வகுப்புக்குள் போவான்.) மலையும் மழையும் படித்த நான், ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத் தோட்டத்தில் பையன்களுக்குப் பாத்தி கட்டச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் வெந்தயக்கீரை சமைத்தால், "கிழக்குச் சரிவுல பறிச்சதா?" என்று கேட்காமல் யாரும் இலையில் கை வைப்பதில்லை. என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் அத்தான், "இவருக்கு வேல வாங்கிக் குடுத்ததே நாந்தான்" என்று அறிமுகம் செய்துகொண்டார்.

போன சீசனுக்கும் வந்திருந்தார். அருவியிலிருந்து வந்ததும் துண்டைப் பிழியாமல் கொடியில் போட்டார். கொடிக்குக் கீழே என் கத்தரி நாற்று. எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

"கெடக்கட்டும் மாப்ளே, நல்லா வரும்" என்றார்.

அந்தக் கத்தரி காய்த்த காய்ப்பு தெருவுக்கே போதும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.