நன்றிப் பக்கத்தில் அக்கா

தப்பு செய்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பேர் சரிபார்த்து "பிரமாதம்" என்று சொல்லி அனுப்பிய தப்புக்கு என்னை மட்டும் தூக்கில் போடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், வேலை கிடைக்காமல் திருக்கழுக்குன்றத்தில் வீட்டோடு இருந்தேன். (அப்பா அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.) யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருளின் தமிழ் உதவிப் பக்கங்களில் எனக்கு ஒரு பணி தந்தார்கள். பயன்படுத்துகிறவர்கள் குறை தெரிவிக்கும் தளத்தின் முகவரி மாறிவிட்டது. நாற்பது பக்கங்களிலும் பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். சம்பளம் கிடையாது. நன்றிப் பக்கத்தில் பெயர் வரும். அந்தப் பெயரைக் காட்டித்தான் வேலை வாங்கப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அதே வாரம் சுமதி அக்காவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். தரகரிடம் போட்டோ கொடுத்தால் போதாதா? போதாதாம், எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே! இணையத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம் போட்டு, போட்டோ, ஜாதகம், மாப்பிள்ளை வீட்டார் எழுத ஒரு பெட்டி எல்லாம் வைத்தேன். செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த முகவரியை நகலெடுத்து, தரகரின் மகனுக்கு அனுப்பினேன். கரண்ட் போய்விடுமோ என்ற அவசரத்தில், குறை சொல்லும் தளத்தின் புது முகவரிக்குப் பதில் அதையே நாற்பது பக்கங்களிலும் ஒட்டித் தொலைத்தேன். 'குறை தெரிவிக்க இங்கே அழுத்தவும்' என்ற இடத்தை அழுத்தினால், அக்கா பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். சரிபார்த்த மகானுபாவர்கள் மூவரும் ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை!

பத்து நாள் கழித்து அக்கா பெட்டியைத் திறந்தாள். பதினேழு கடிதங்கள்.

"இன்னாடா இது? ஒருத்தன்கூட ஜாதகம் கேக்கல. பிரிண்டு வரலன்னு அழுதுகினு கீறானுங்க."

விஷயத்தைச் சொன்னேன். திட்டித் தீர்த்தாள். பிறகு, நம் வாசலுக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா என்று என்னையே கேட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் எழுதினாள். எந்த பிரிண்டர், எந்த எழுத்து உடைகிறது, எப்போது என்று விசாரித்து, பதினேழையும் சரியான இடத்துக்கு அனுப்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நாற்பது இணைப்புகளையும் மறுபடி மாற்றினேன்.

அடுத்த பதிப்பு வந்ததும் நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். 'குறைகளைத் தெளிவாகத் தொகுத்து உதவியவர்: சுமதி, திருக்கழுக்குன்றம்.' மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். நான் இல்லை.

அக்காவுக்கு அந்தத் தரகர் மூலமாகவே மதுராந்தகத்தில் கல்யாணம் ஆனது. இன்றும் விசேஷ வீடுகளில் அத்தான் என்னைத் தோளோடு அணைத்து, "சுமதிக்குப் பேரு வாங்கிக் குடுத்தது நம்ம மச்சான்தான்" என்று அறிமுகம் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். என் பெயர் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.