தொண்ணூற்றேழுக்கு மூன்று ஹுரா

கிரிக்கெட் தெரிந்தவன் வேறெந்த விளையாட்டையும் தனியாகப் படிக்கத் தேவையில்லை என்று இருபத்தேழு வயது வரைக்கும் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அப்போது ஹேர்னிங்கில் எங்கள் தமிழ்ப் பெடியள் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் அணிக்கு நான்தான் தலைவர். (அணியில் மொத்தமே பதினொரு பேர். அதில் ஒருவர் மழை பெய்தால் வரமாட்டார். டென்மார்க்கில் மழை பெய்யாத சனிக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.) தலைவர் என்ற அந்தச் சொல் என் தலைக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யாழினியை எனக்குத் தந்ததும் கிரிக்கெட்தான். ஒரு போட்டியில் உயர எழும்பி வந்த பந்தை நான் கையால் பிடிக்காமல் மூக்கால் பிடித்தேன். பார்க்க வந்திருந்தவர்களில் ஒரு தாதி ஓடிவந்து ஐஸ் வைத்தாள். பக்கத்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் வேலை செய்கிறவள், பெயர் யாழினி, மூக்கு உடையவில்லை என்று சொன்னாள். மூன்று வாரம் கழித்தும் அந்த மூக்கைப் பற்றித் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்தோம். முடிவெடுக்காமல் இருந்தவர் அவளுடைய அப்பா சந்திரன் அங்கிள் மட்டும்தான்.

சந்திரன் அங்கிள் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. அளந்து கதைக்கிற மனிதர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, மகனின் பேஸ்போல். யாழினியின் தம்பி துஷான் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்த சின்னக் கழகத்தில் விளையாடத் தொடங்கி, படிக்க அமெரிக்கா போய், அங்கே ஒரு அணியில் சேர்ந்துவிட்டான். பெரிய லீக் அல்ல. அதற்குக் கீழே படிப்படியாக ஆட்களை வளர்த்தெடுக்கிற சின்ன லீக்குகள் இருக்கின்றன, அதில் அடியிலிருந்து இரண்டாவது படி. ஆனால் அந்த வருடம் அவன் அங்கே பிரமாதமாக ஆடியிருந்தான் என்பது ஹொல்ஸ்டெப்ரோவில் எல்லாருக்கும் தெரியும். அங்கிள் சொல்லாமல் விட்ட வீடு இல்லை.

எனக்கு முன்னால் கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு டொக்டர் மாப்பிள்ளை பேசி வந்தாராம். வந்தவர் பேச்சுவாக்கில், "பேஸ்போல் எண்டால் எங்கட பள்ளிக்கூட றுண்ட்போல் மாதிரித்தானே அங்கிள்?" என்று கேட்டுவிட்டார். டெனிஷ் பள்ளியில் பிள்ளைகள் புல்லில் வட்டமடித்து ஓடுவார்களே, அந்த விளையாட்டு. தேத்தண்ணி குடித்து முடிக்கு முன்னமே டொக்டரின் கதை முடிந்தது.

விளையாட்டுப் பருவம் முடிந்து துஷான் வீட்டுக்கு வந்த நேரம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோப்பிக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். யாழினி முதல்நாளே தொலைபேசி எடுத்து எச்சரித்தாள்.

"அப்பாவோட தம்பியின்ர விளையாட்டைப் பற்றிக் கதையுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். ஆனா கொஞ்சம் வாசிச்சுப்போட்டு வாங்கோ."

"என்னத்தை வாசிக்கிறது? மட்டை இருக்கு, பந்து இருக்கு, ஓட்டம் இருக்கு. மிச்சம் என்ன?"

"கஜன், அது கிரிக்கெட் இல்லை."

"கிரிக்கெட்டின்ர சித்தப்பா மகன்தானே. நான் பாக்கிறன், நீர் யோசியாதையும்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெருமையில் விடுகிறாள் என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஊர்க் கழகத்து டெனிஷ்காரர். துஷானுக்கு முதன்முதலில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த லார்ஸ் என்ற நெடிய மனிதரும் அவர்களில் ஒருவர். கிரீம் கேக்கில் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. யாழினியின் அம்மா, அன்ரி, விட்டுவைக்காமல் மீன் ரோல்ஸிலும் கொடி குத்தியிருந்தா. சோபாவுக்கு மேலே, சாமிப்படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெரிய தாள் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது. துஷானின் அந்த வருடக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது.

கோப்பி ஊற்றும் வரை மூன்று நிமிடம் அந்தத் தாளின் முன்னால் தனியாக நின்றேன். சட்டைப்பையில் தொலைபேசி இருந்தது. தேடிப் பார்த்திருக்கலாம். ஆனால் அணித்தலைவர் தேடிப் பார்ப்பாரா?

முதல் கட்டத்தில் சராசரி. தசம் மூன்று ஒன்று எட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அணியில் மழைக்கு வராதவருக்கே சராசரி நாலு. ஒன்றுகூட இல்லை என்றால் பெடியன் போகிற நேரமெல்லாம் முட்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்! அடுத்தது ஹோம் ரன், பதினேழு. சொந்த மைதானத்தில் எடுத்த ஓட்டம் என்று விளங்கிக்கொண்டேன். வருடம் முழுக்கப் பதினேழு. வெளியூரில் எடுத்ததைப் போடவே இல்லை, வெட்கத்தில் விட்டிருப்பார்கள். பாவம் இந்த மனிதர், மகனின் தோல்வியை உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாரே என்று உண்மையாகவே கண் கலங்கினேன்.

கடைசிக் கட்டத்துக்கு வந்தபோதுதான் மூச்சு வந்தது. ஸ்ட்ரைக் அவுட், தொண்ணூற்றேழு. ஸ்ட்ரைக் என்றால் அடி. அவுட் என்றால் வெளியே. அடித்து மைதானத்துக்கு வெளியே அனுப்புவது, எங்கள் பாஷையில் சிக்ஸர். தொண்ணூற்றேழு சிக்ஸர்! (தொண்ணூற்றேழு சிக்ஸர் அடித்தவனின் சராசரி எப்படி ஒன்றுக்குக் கீழே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை.)

பக்கத்தில் வந்து நின்ற அங்கிள், "பெடியன் இந்த வருசம் இருபத்திரண்டு களவும் எடுத்தவன், தெரியுமே?" என்றார் பெருமையாக. பந்து எறிபவன் கவனம் தப்பும்போது அடுத்த இடத்துக்கு ஓடிப் பிடிப்பதைத்தான் களவு என்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பிடிபடேல்லைத்தானே அங்கிள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நாலுதரம் பிடிபட்டவன். அது பரவாயில்லை."

பரவாயில்லையாம். இந்தக் குடும்பத்துக்கு என் ஆதரவு கட்டாயம் வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தேன்.

டெனிஷ்காரரின் விருந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது கரண்டியால் கிளாஸில் தட்டி எழுந்து நின்றால் எல்லாரும் வாய்க்குள் இருப்பதை விழுங்கிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். எழுந்தவர் நாயகனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, கடைசியில் அவருக்காக ஹுரா கேட்பார். எல்லாரும் எழுந்து மூன்று முறை ஹுரா போட வேண்டும். கேட்டால் போட்டே ஆக வேண்டும், அதில் மறுப்பு இல்லை. எனக்கு டெனிஷ் நன்றாக வரும். கிளாஸில் தட்டினேன். சமையலறை வாசலில் நின்ற யாழினி வேண்டாம் என்று தலையாட்டினாள். தன்னடக்கத்துக்காக ஆட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"அன்புள்ள துஷான்," என்று டெனிஷில் தொடங்கினேன். "உன்னுடைய பருவம் முழுவதையும் ஆழமாகப் படித்தேன். நானும் ஒரு விளையாட்டு வீரன். ஒரு அணியின் தலைவன். அதனால் சொல்கிறேன், சராசரி வெறும் எண். தசம் மூன்று ஒன்று எட்டு என்று மனம் உடைந்துவிடாதே. உனக்கு வயது இருக்கிறது. அடுத்த வருடம் ஒன்றைத் தொட்டுவிடுவாய்."

லார்ஸ் கேக்கை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சொந்த மைதானத்தில் பதினேழு ஓட்டம் என்பது கொஞ்சம் குறைவுதான். ஆனால் உன்னிடம் எவரிடமும் இல்லாத ஒரு திறமை இருக்கிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஏன் கதைக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. தொண்ணூற்றேழு ஸ்ட்ரைக் அவுட்! இது நூறாக வேண்டும், இருநூறாக வேண்டும்! எல்லாரும் எழுந்து துஷானின் தொண்ணூற்றேழு ஸ்ட்ரைக் அவுட்டுக்கு மூன்று ஹுரா!"

டெனிஷ்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் வழக்கம் வழக்கம்தான். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். "ஹுரா," என்றார்கள், செத்த வீட்டுக் குரலில். "ஹுரா. ஹுரா." லார்ஸுக்குக் கேக் புரையேறி, அன்ரி முதுகில் தட்டிக்கொண்டிருந்தா. அங்கிள் மட்டும் எழும்பவில்லை. துஷான் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாழினி என் கையைப் பிடித்துச் சப்பாத்துகள் கழற்றி வைக்கும் நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஸ்ட்ரைக் அவுட் எண்டால் என்னெண்டு தெரியுமே?"

"சிக்ஸர்."

"மட்டையை வீசி வீசிப் பந்தில படாமல் வெளியில வாறது! தொண்ணூற்றேழு தரம் அப்பிடி வந்தவன். அதைக் குறைச்சால்தான் மேல் படிக்கு எடுப்பம் எண்டு அங்க சொல்லிப் போட்டாங்கள். வந்த நாள் தொட்டு அவன் ஒழுங்காச் சாப்பிடேல்லை. வீட்டில அந்த நம்பரை ஒருத்தரும் வாயால எடுக்கிறேல்லை. நீங்கள் கொடி குத்தி ஹுரா போட்டிட்டீங்கள்."

"அப்ப தசம் மூண்டு?"

"அது பத்துத்தரம் அடிக்கப் போனால் மூண்டுதரம் சரியாப் படுறது, லீக்கிலேயே மூண்டாம் இடம். ஹோம் ரன்தான் உங்கட சிக்ஸர்."

என் வாழ்க்கையில் சப்பாத்துகளுக்கு நடுவே மறைந்துகொள்ள ஆசைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாப்பிடாமல் இருக்கிற பெடியனின் புண்ணிலேயே கரண்டியால் தட்டிவிட்டேனே என்பதுதான் நெஞ்சில் குத்தியது. நேரே உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"துஷான், எனக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச மாதிரிக் கதைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பயந்தேன், சிரிப்பு. டெனிஷில் சொன்னான், "ஆறு மாதமாக அந்த நம்பருக்காக எல்லாரிடமும் ஏச்சு வாங்கினேன். அதற்கு ஹுரா போட்ட முதல் ஆள் நீங்கள்தான்." பிறகு கொடியைப் பிடுங்கிவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் போட்டான். அன்ரி தூரத்தில் நின்று அதைப் பார்த்தா.

அதற்குள் அங்கிள், "தம்பி, இஞ்சை வாரும்," என்று கராஜுக்குக் கூப்பிட்டார். கார் நிற்க வேண்டிய இடத்தில் வலை கட்டியிருந்தது, ஒரு வாளி நிறையப் பழைய பந்துகள். கதவைச் சாத்தினார்.

"உமக்கு பேஸ்போல் தெரியுமே?"

"தெரியாது அங்கிள்."

"பின்னை ஏன் எழும்பினனீர்?"

"உங்களுக்கு என்னைப் பிடிக்கோணும் எண்டுதான். யாழினியை எனக்குக் கட்டித் தருவீங்கள் எண்டு."

அவர் வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கையில் உருட்டினார். "உதைக் கோப்பி குடிச்சுக்கொண்டே கேட்டிருக்கலாம். அவனிட்டை மன்னிப்புக் கேட்டனீரோ?"

"ஓம். முதல் அவரிட்டைத்தான் போனனான்."

பந்தை வாளியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். டொக்டரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வரவேற்பறையின் நடுவில் நின்று, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான். இவர் வந்த நேரம் தொட்டுப் பத்துத்தரம் வாயைத் திறந்தவர். ஏழுதரம் காத்திலதான் வீசினவர். கடைசி மூண்டும் பட்டது." கொஞ்சம் நிறுத்தினார். "பத்துக்கு மூண்டு. அணியில வைச்சிருக்கலாம்."

லார்ஸுக்கு யாழினி டெனிஷில் சொன்னாள். லார்ஸ் உடனே எழுந்து கிளாஸில் தட்டினார். இந்த முறை போட்ட ஹுரா அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அங்கிளும் எழும்பினார். எனக்கு அழுகை வந்தது, ரோல்ஸ் உறைப்பு என்று சமாளித்தேன்.

துஷான் அடுத்த பருவத்தில் அந்த நம்பரைக் குறைத்து ஒரு படி ஏறினான். அதற்கு மேல் ஏறவில்லை. முழங்கால் விடவில்லை. இப்போது இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, லார்ஸோடு சேர்ந்து ஊர்க் கழகத்தை நடத்துகிறான். சுவரில் அந்தத் தாள் இன்னும் தொங்குகிறது, ஆனால் தனியாக இல்லை. பக்கத்தில் மருமகனான எனக்கும் ஒரு தாள் உண்டு. இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள் வருடம் முழுக்க எண்ணி, கட்டம் போட்டு, உறை போட்டு மாட்டுகிறார். தப்பாகப் பொருத்திய அலுமாரி, மறந்துபோன கல்யாண நாள், அவருடைய வாயிற்கதவோடு மோதிய என் கார் எல்லாம் ஸ்ட்ரைக் அவுட் கட்டத்துக்குப் போகும். நான் கோப்பையை விழுத்தி உடைத்தால் எங்கள் மகள் முதலில் "ஹுரா!" என்று கத்திவிட்டுத்தான் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுக்கப் போவாள்.

நான் அசரவில்லை. ஏழு தரம் காற்றில் வீசியும் அணியில் நிற்கிறவனுக்கு இருக்க வேண்டிய தெம்பு எனக்கு இருக்கிறது. இந்த வருடத் தாளைப் போன வாரம் மாட்டினார்கள். தசம் இரண்டு ஒன்பது. கொஞ்சம் இறங்கித்தான் விட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மாமா என் தோளில் கையைப் போட்டார்.

"மனம் உடையாதையும் தம்பி," என்றார். "உமக்கு வயசிருக்கு. அடுத்த வருசம் ஒண்டைத் தொட்டிடுவீர்."