நாற்பத்தோராயிரம் முறை தட்டிய ஒரே ஆள்

மனிதர் அனைவரும் ஒன்றே என்று மேடையில் முழங்கியவர்கள் உண்டு. கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அதைக் காரியத்தில் செய்து காட்டிய பெருமை ஒரு பொது மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவையே சாரும். அதுவும் ஒரே வாரத்தில், யாரும் கேட்காமலே.

அந்தப் பிரிவின் கணினிப் பொறியாளருக்கு இந்தப் பெருமையில் பங்கு கிடையாது. அவள் குறுக்கே நின்றவள்.

நோயாளிகள் இணையத்தில் நாள் கேட்டால் பதில் சொல்ல உள்ளே மூன்று சர்வர்கள் இருந்தன. எல்லாம் ஒன்றின் தலையிலேயே விழாமல் பிரித்து அனுப்ப, வாசலில் புதிதாக ஒரு ‘லோடு பேலன்சர்’ வந்தது. இயக்குநர் அதற்கு ரிப்பன் கட்டிக் கத்தரித்தார். மின்விசிறித் துளைக்குள் போன ரிப்பனை எடுக்க அரை நாள் ஆயிற்று. ஒவ்வொரு கோரிக்கையோடும் ‘ஹெடர்’ என்று ஒரு சீட்டு போகும். கேட்பவரின் சொந்த இணைய முகவரியை அந்தச் சீட்டில் எழுதி அனுப்பு என்று பேலன்சருக்கு ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு அனுமதி வரவில்லை. ஆகவே யார் வந்தாலும் உள்ளே இருந்த சர்வர்களுக்குப் பேலன்சரின் முகவரிதான் தெரிந்தது.

பாதுகாப்பு அதிகாரி முன்பே ஒரு விதி போட்டிருந்தார். ஒரே முகவரியிலிருந்து இருநூறு முறைக்கு மேல் கேட்டால் அந்த முகவரிக்கு அன்று முழுக்கக் கதவு சாத்தப்படும். காலை எட்டு மணிக்குத் திறந்த கதவு எட்டு நான்குக்குச் சாத்திக்கொண்டது.

வெளியே நின்றவர்களில் பொறியாளரின் அம்மாவும் ஒருத்தி. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அறுவைக்கு நாள் வாங்காவிட்டால் அடுத்த பட்டியல் ஆறு மாதம் கழித்துத்தான்.

“என்னைத் தடுத்து வச்சிருக்காங்கன்னு வருதுடி. நான் என்னடி தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலம்மா. நான் பார்த்துக்கறேன்.”

புதன்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். குரலில் துக்க வீட்டு அடக்கம்.

“ஒரே ஆள் சார். நேத்து மட்டும் நாப்பத்தோராயிரம் தடவை தட்டியிருக்கான்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன வேணுமாம் அவனுக்கு?”

“எல்லாமே சார். பல் பிடுங்கணும், மூட்டு மாத்தணும். எட்டு ரெண்டுக்குப் பிரசவ வார்டுல இடம் கேக்கறான். எட்டு மூணுக்குப் புராஸ்டேட் டாக்டரைக் கேக்கறான்.”

“வயசு?”

“தொண்ணூத்தொண்ணு சார். மூணு மாசக் குழந்தைன்னும் போட்டிருக்கான்.”

“கில்லாடி,” என்றார் இயக்குநர், சற்று மரியாதையோடு.

பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. “சார், அது ஆளே இல்லை. நம்ம பேலன்சர். வர்றவங்க முகவரியை அது உள்ள சொல்லல, அவ்வளவுதான்.”

“அப்போ உள்ளாள் வேலைன்னு சொல்றீங்க?” என்று கேட்டார் இயக்குநர்.

“இல்ல சார், ஹெடர்ல ஒரே ஒரு வரி சேர்த்தா…”

“ஒரு வரின்னா சும்மாவாம்மா? படிவம் போடுங்க. மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?”

படிவம் அதே இணையதளத்தில் இருந்தது. அவள் திறக்கப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது; அவளும் அந்த ஒரே ஆளாகத்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, அனுமதி கேட்காமல் அந்த வரியை எழுதினாள். கதவு திறந்தது. உடனே வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, இப்போ போடு. சீக்கிரம்!”

“இருடி, எழுத்து எல்லாம் மங்கலா இருக்கு. ஒத்தை விரல்ல எவ்வளவு வேகமா தட்டறது?”

முப்பத்தைந்தாவது நிமிடம் பாதுகாப்பு அதிகாரி இயக்குநரின் அறைக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே பொறியாளரும் வந்தாள்.

“சார்! ஒரே ஆளா இருந்தவன் இப்போ மூவாயிரம் பேராயிட்டான்! ஆளுக்கொரு முகவரி! கும்பலைக் கூட்டிட்டு வந்துட்டான்!”

“சார், அவங்க நோயாளிங்க. நான்தான் அந்த வரியைச் சேர்த்தேன்,” என்றாள் பொறியாளர்.

“மூவாயிரம் பேருமா?” இயக்குநருக்கு வியர்த்தது. “ஒருத்தன்னா சமாளிக்கலாம். எடுங்கய்யா அந்த வரியை!”

வரி போயிற்று. இந்த முறை பேலன்சரின் முகவரிக்கு நிரந்தரத் தடை. அதற்குப் படிவம் தேவைப்படவில்லை. பொறியாளரின் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. குற்றம்: ‘அனுமதியின்றிப் பொதுமக்களை உள்ளே விட்டமை.’

அடுத்த வாரமே அந்தப் பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது: ஒரு புகார்கூட வராத முன்மாதிரிப் பிரிவு. புகார்ப் பக்கமும் அதே கதவுக்குப் பின்னால்தான் இருந்தது என்பதை அந்த நல்ல நேரத்தில் யாரும் கிளறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பொறியாளரும் தட்டினாள், அதற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அன்று மாலை வீட்டில் அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

“கடைசிப் பொத்தானைத் தேடிக்கிட்டே இருந்தேன்டி, அதுக்குள்ள போயிடுச்சு. அது கிடக்கட்டும். நீ சொன்னியே, நாப்பத்தோராயிரம் தடவை தட்டினவன்… அந்த ஆளைப் பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சும்மா.”

“யாராம் அந்தப் படுபாவி?”

பொறியாளர் அம்மாவின் வலது இமையை விலக்கி, சொட்டு மருந்தை விட்டாள்.

“நீதாம்மா.”