உறுப்பினர் எண் 999, திருமதி வெ. பூசணி

தாழைமேடு,
பாகூர் கொம்யூன்,
செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி கிளம்புமுன்.

மதிப்பிற்குரிய மாமா சாமிநாதன் அவர்களுக்கு, மைத்துனன் பச்சையப்பன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி இளவரசியும் இரண்டு மாடுகளும் நலம். அங்கு நீங்களும் அக்காவும், சென்னையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் உங்கள் மகள், என் மருமகள் சரண்யாவும், உங்கள் இடுப்பு வலி நீங்கலாக மற்ற எல்லாமும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பால் யூனியன் ஆபீசிலிருந்து இந்த ஆறு மாதத்துக்கு அதிகப் பால் ஊற்றியவர் என்று எங்கள் பால் சங்கத்திலிருந்து ஒரு பெயரைத் தேர்வு செய்து, வியாழக்கிழமை விழாவில் புல் நறுக்கும் மெஷின் கொடுப்பதாக அழைப்பிதழே அடித்துவிட்டார்கள் அல்லவா, அந்தத் திருமதி வெ. பூசணி என்பவர் ஒரு பூசணிக்காய். காய்கூட இல்லை, நான் தட்டிய நாலு எழுத்து. போனில் சொல்லியிருப்பேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள், சாயங்காலத்துக்குள் வில்லியனூர் வரைக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பால் வண்டியில் கடிதம்.

இது எப்படி ஆயிற்று என்றால், ஜூன் மாதம் உங்கள் ஆபீஸ் ஒரு உத்தரவு போட்டது, ஒவ்வொரு சங்கமும் யார் எவ்வளவு பால் ஊற்றுகிறார்கள் என்று டேட்டாபேசிலிருந்து சார்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று. செயலாளர் என்ற முறையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் சாப்பாடு நன்றாக இருந்தது, இரண்டாம் நாள் ஏசி நன்றாக இருந்தது, இரண்டிலும் தூங்கிவிட்டேன். எனக்குப் புரிந்த வரைக்கும் டேட்டாபேஸ் என்பது நம் பால் நோட்டு, ஃபீல்ட் என்பது அதில் அடித்த கட்டம், குவெரி என்பது அந்த நோட்டிடம் நாம் கேட்கிற கேள்வி. சரியாகக் கேட்டால் கோடு கோடாகப் படம் வரும், தப்பாகக் கேட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். என்னை நாற்பது தடவை திட்டியிருக்கும். இளவரசியாவது காரணம் சொல்லித் திட்டுவாள். நாற்பத்தொன்றாம் தடவை சார்ட் வந்தது. அதில் சிங்காரவேலு ஒரு நாளைக்கு நூற்றெண்பத்தேழு லிட்டர் ஊற்றுவதாகக் கோடு கூரைக்குப் போனது. அந்த மனுஷன் மாட்டை விற்று ரெண்டு வருஷம் ஆகிறது. சரண்யாவுக்குப் போன் போட்டால், "மாமா, லிட்டர் ஃபீல்டைப் போடச் சொன்னா உறுப்பினர் நம்பர் ஃபீல்டைப் போட்டு வெச்சிருக்கீங்க. அவர் நம்பர் நூத்தி எம்பத்தேழு" என்கிறாள்.

சரி என்று லிட்டர் ஃபீல்டைப் போட்டால் அதற்கு வேறு எரர். நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருக்கிறதாம். இருக்காதா பின்னே, நான்தானே எழுதினேன். 'மூணரை', 'மழை, ஆள் வரல', 'கன்னு குடிச்சிடுச்சு'. கன்னுக்குட்டி எத்தனை லிட்டர் குடித்தது என்று சரண்யா கேட்டாள். நான் எங்கே போய் அளப்பேன், பூஜ்யம் போட்டேன். இப்படி நாலு நாள் களை பிடுங்கி, ஒருவழியாக உண்மையான சார்ட் எடுத்து, கலரில் பிரிண்ட் போட்டு, பால் ஊற்றும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த நெஞ்சு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. எல்லோரையும்விட உயரமான கோடு மூன்று மாட்டுக்காரி ருக்குமணியுடையது, நாளைக்கு முப்பத்துநாலு லிட்டர். கேனைக் கீழே வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா பச்சையப்பா, எவனுக்கும் தெரியாம பொத்திப் பொத்திக் கறக்கறேன், நீ எங்க வூட்டு மாட்டத் தூக்கி செவுத்துல காட்டற. ஊர் கண்ணு பூரா அதுமேல வுழாதா. அந்தக் கோட்டக் கொஞ்சம் குட்டையாக்கு."

"அது நான் போட்டதில்ல ருக்குமணி, குவெரி போட்டது."

"அந்தக் குவெரி யார் வூட்டு ஆளு? கூப்புடு, நான் பேசறேன்."

மறுநாள் காலை அவள் மாடு கேனை உதைத்துவிட்டது. அவ்வளவுதான். ஊரே மிரண்டுபோய், கோடு உயரமாகிவிடுமே என்று பாதிப் பாலைச் சங்கத்தில் ஊற்றி, மீதியை டீக்கடையில் ஊற்ற ஆரம்பித்தது. ஜன்னலில் நிற்கிறவர்கள் எல்லாம், "இன்னிக்கி ரெண்டு லிட்டர் கொறச்சு எழுது" என்று கெஞ்சுகிறார்கள். பயப்படாத ஒரே ஆள் காசம்மாள்தான். ஒரு மாடு வைத்துக்கொண்டு நாலு தெரு தள்ளி இருக்கிறாளே, அவள். "எங்கோடு எவ்ளோ ஒசரமா வேணா போட்டுக்கோப்பா, ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல நான் சொல்லிக்கறேன்" என்று சிரித்தாள்.

மாமா, சங்கத்துப் பால் பாதியானால் முதலில் போவது செயலாளர் நாற்காலி. யோசித்தேன். வீடு கட்டுகிறவன் என்ன செய்கிறான், மூஞ்சி வரைந்த பூசணிக்காயை முன்னால் தொங்கவிடுகிறான், பார்க்கிறவன் கண் அதில் போய்விடுகிறது. சார்ட்டுக்கும் ஒன்று தொங்கவிட்டால் என்ன? ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து உறுப்பினர் எண் 999 என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து, பெயர் பூசணி, நாளைக்கு அறுபது லிட்டர் என்று போட்டேன். இனிஷியல் இல்லாமல் ஏற்க மாட்டேன் என்று எரர் வந்தது. வெள்ளைப் பூசணி ஆயிற்றே, 'வெ.' போட்டேன். ஆணா பெண்ணா என்றது. பெண் என்றேன். பிறந்த தேதி கட்டாயம் என்றது. என் கல்யாணத் தேதியைப் போட்டேன், எங்கள் வீட்டில் கண் படுகிற மாதிரி நடந்தது அது ஒன்றுதான். பூசணியின் கோடு மேலே மின்விசிறியைத் தொடுகிற மாதிரி போனது. ருக்குமணி அதன் உச்சியில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். டீக்கடைக்குப் போன பால் எல்லாம் திரும்பிவந்தது. ருக்குமணியின் கோடும் தானாகவே பன்னிரண்டு லிட்டருக்கு இறங்கி, அவள் முகத்தில் ஒரு நிம்மதி. நான் பூசணியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆபீசுக்கு அனுப்பும் குவெரியில் மட்டும் '999 நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கும்படி சரண்யா சொல்லிக்கொடுத்திருந்தாள். சேர்த்திருந்தேன். நவம்பர் முடிவில் தேதி ஃபீல்ட் மக்கர் பண்ணியது. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் ஒரு நாளும் வரவில்லை. மாதம் போட வேண்டிய இடத்தில் நாளைப் போட்டிருக்கிறேனாம், பதிமூன்றாவது மாதம் உலகத்திலேயே கிடையாதாம். அதைச் சரிசெய்கிற அவசரத்தில் ஒரு வரி அதிகமாக அழித்துவிட்டேன். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் உங்கள் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "பூசணி அம்மாவோட ஒரு போட்டோ அனுப்புங்க சார், பேனர் அடிக்கணும்" என்றாள். என் வாய் இருக்கிறதே, "அந்த அம்மா ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று சொல்லிவிட்டது.

சிரிப்பது போதும் மாமா, விஷயத்துக்கு வருகிறேன். பூசணியை எடுத்துவிட்டால் பட்டியலில் முதலில் நிற்பது காசம்மாள். ஒற்றை மாடு, இப்போது நாளைக்கு இருபத்திரண்டு லிட்டர். ஜூனில் ஒன்பது லிட்டர் ஊற்றியவள் அவள். கரும்புத் தோகையும் புல்லும் சுமந்துவந்து, கட்டையில் வைத்து அரிவாளால் நறுக்கி நறுக்கி, வலது மணிக்கட்டு வீங்கிப்போய்த் துணி சுற்றிக்கொண்டுதான் கேனைத் தூக்கி வைக்கிறாள். இன்னும் ஒரு மாசம் இப்படி நறுக்கினால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த மெஷின் வந்தால் கை பிழைக்கும். நேற்று ஜன்னலில் வந்து நின்றாள்.

"யாருப்பா அந்தப் பூசணி? எந்தத் தெரு? அறுவது லிட்டர் கறக்கற மாடு இந்த ஊர்ல இருந்தா அதோட சாணியாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

நான் கம்ப்யூட்டரைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன். பத்து வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தி முகத்தைப் பார்க்க முடியாமல் போனது நேற்றுதான். வியாழக்கிழமை மேடையில் பூசணி ஏறாவிட்டால் மெஷின் அடுத்த சங்கத்துக்குப் போய்விடும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆகவே, அந்தப் பட்டியலைச் சரிபார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் 999ஐ அடித்துவிட்டுக் காசம்மாள் பெயரை எழுதிவிடுங்கள். திருத்திய குவெரியும் சார்ட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு எரரும் இல்லை. இது சத்தியமான கணக்கு.

அக்காவுக்கு என் வணக்கம். சரண்யாவுக்கு நல்ல இடத்தில் சீக்கிரம் கல்யாணம் கூடி, மாப்பிள்ளையும் போன் எடுக்கிறவராக அமைய வேண்டுகிறேன். உங்கள் இடுப்புக்குத் தைலம் ஒரு புட்டி வைத்திருக்கிறேன், வண்டிக்காரர் தேய்த்துக்கொள்வதற்குள் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பச்சையப்பன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இளவரசிக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாய்யா, முப்பத்திநாலுல பன்னெண்டு போனா எவ்ளோன்னு அந்தக் குவெரிய ஒருவாட்டி கேக்கக் கூடாதா?" என்றாள். ருக்குமணி என் பூசணியை நம்பவே இல்லையாம். ஒரு மாட்டுப் பாலைத் தன் பெயரிலும் மற்ற இரண்டு மாட்டுப் பாலையும் காசம்மாள் பெயரிலும் ஊற்றுகிறாளாம், கோடு உயர்ந்தால் பயப்படாத ஆள் அவள்தானே. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியுமாம். நான் ஜன்னல் வழியாகக் கேனைப் பார்க்கிறேனே தவிர மாட்டை எங்கே பார்க்கிறேன். ஆனால் ருக்குமணியின் மூன்று மாட்டுக்கும் தீனி நறுக்கிப் போடுவது காசம்மாள்தான், கை வீங்கியது அதில்தான். அதனால் மேலே எழுதியதை மாற்றவில்லை, பெயரை எழுதிவிடுங்கள். பரிசு பெற்ற மாட்டோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று யாரையும் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். காசம்மாளின் அந்த ஒற்றை மாடு ஆவணியிலிருந்து பால் வற்றி நிற்கிறது.