தாய்மாமன் எழுந்திருக்கும் படலம்

சொந்தக்காரர்களிடம் குடிகாரன் என்று பெயர் எடுக்கக் குடிக்க வேண்டியதில்லை. என்னைப் போல நடந்தாலே போதும்.

எனக்கு எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளை சொல்வது நரம்பு வழியாகக் காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் தன் இஷ்டத்துக்கு ஒரு முடிவு எடுத்துவிடும். (வீட்டில் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்பதும் இதே லட்சணத்தில்தான்.) இதை உசிலம்பட்டியில் என் தங்கை செல்வியின் புகுந்த வீட்டாரிடம் விளக்கிப் பார்த்தேன். அவளுடைய பெரிய மாமனார் என் வாய்ப்பக்கம் மோந்து பார்த்துவிட்டு, "வாடை வராத சரக்கு போல" என்றார்.

அதனால் செல்வி மகளுக்குக் காதுகுத்து என்றதும் நான் முதலில் என் காலைத்தான் பார்த்தேன். பிள்ளை உட்காரப்போவது தாய்மாமன் மடியில். நான் தடுமாறினால் தலைகுனிவு தங்கைக்குத்தான்.

எம்.எஸ். உள்ளவர்களுக்கென்றே இணையத்தில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மதுரை காளவாசலில் இருக்கும் என் வீட்டில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து (உடம்பு சூடேறினால் கால் லீவு போட்டுவிடும்) போன் முன்னால் உட்காருவேன். "அவசரமே வேணாம். மூக்கு முதல்ல முன்னாடி வரட்டும், அப்புறம் எந்திரிங்க" என்பார் மீனா டீச்சர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பாண்டியம்மா அக்கா, கை நடுங்க நடுங்க, வகுப்பைத் தவறவே விடமாட்டார். கொடிக்காலில் விழுந்து எழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் நானும் தொடர்ந்தேன். அரிசிப் பையைப் பிள்ளையாக அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்த அன்று வகுப்பே கைதட்டியது. காதுகுத்தை வீடியோ காலில் காட்டியே ஆகவேண்டும் என்றார்கள்.

அன்று கோயில் மண்டபத்தில் பார்த்தால் நாற்காலி இல்லை. தரையில் மணைப்பலகை கிடந்தது. தாய்மாமன் பலகையில்தான் உட்காருவான் என்பது ஊருக்கே தெரியும், தாய்மாமனைத் தவிர.

உட்கார்ந்தேன். (கீழே போவதற்கு எனக்கு எப்போதுமே பயிற்சி தேவைப்பட்டதில்லை.) ஆசாரி குத்தினார், பிள்ளை வீறிட்டது, செல்வி வாங்கிக்கொண்டாள்.

"எந்திரிண்ணே."

மூக்கை முன்னால் நீட்டினேன். மூக்கு மட்டும்தான் போனது.

"காலையிலேயேவா?" என்றார் பெரிய மாமனார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது, வீடியோ கால் போட்டுச் செல்வியின் வீட்டுக்காரர் பிடித்திருந்த போன் கத்தியது. "சார், முட்டி போட்டுக் கையை ஊனுங்க! போன வாரம் தரையில செஞ்சோம்ல!" மீனா டீச்சர்! (அந்தப் பாடம் நமக்கெதற்கு என்று நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.)

"தம்பி, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கய்யா!" இது பாண்டியம்மா அக்கா.

பட்டு வேட்டியோடு சபை நடுவில் தவழ்கிற நிலைக்கு வந்தேன். அழுதுகொண்டிருந்த பிள்ளை "யானை!" என்று கத்தி என் முதுகுக்குத் தாவப் பார்த்தது. "பாப்பாவப் புடிங்க! சார், ஒரு காலை முன்னாடி ஊனுங்க. தூணைப் புடிங்க. மூக்கு!" போனுக்குள் வகுப்பு மொத்தமும் "மூக்கு, மூக்கு" என்றது. வெளியே சொந்தபந்தமும் சேர்ந்துகொண்டது. நான் எழுந்து நின்றேன்.

பெரிய மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடிச்சவன் இம்புட்டுப் பக்குவமா எந்திரிக்க மாட்டான்யா" என்றார்.

இன்றும் பந்தியில் யாராவது எழத் திணறினால் குடும்பமே "மூக்கு!" என்று கூவும். அடுத்த மாதம் செல்வியின் மகனுக்குக் காதுகுத்து.

"அண்ணே, நாற்காலி போட்டுறவா?" என்று போனில் கேட்டாள். பலகையே போடு என்றேன். அதற்குள் பெரிய மாமனார் அவளிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"மாப்ள, அந்தப் போனுக்குள்ள இருக்காகளே, அவுகளுக்குப் பத்திரிகை வச்சாச்சா? அவுகளும் தாய்மாமன் வீட்டு ஆளுகதானய்யா."