கறுப்புக் குதிரையில் வந்த நற்சான்று

வேலைக்கு மனு எழுதும்போது பொய் சொல்லக் கூடாது என்று உபதேசிக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். நான் மனு எழுதியபோது எனக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு, விட்டுவிட்டு வந்த வேலை சவப்பெட்டிக் கடையில்.

ராயப்பேட்டையில் சூசை முதலாளியின் கடை அது. துக்க வீட்டுக்குப் போய், போய்ச் சேர்ந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து தச்சனிடம் அளவு சொல்வது என் உத்தியோகம். (நாடாவை எடுத்தால் வீட்டுப் பெண்கள் மறுபடி அழ ஆரம்பிப்பார்கள். அதனால் கண்ணாலேயே அளக்க வேண்டும் என்பது கடைச் சட்டம்.) இந்த லட்சணத்தில் சாந்தோமுக்குப் போய் பிலோமினாவைப் பெண் கேட்டேன். அவள் அப்பா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"செத்தவங்களோட பொழங்குறவனுக்கு எம் பொண்ணு கெடையாது. உசுரோட கீறவங்க பக்கம் வந்துட்டு அப்பால பேசு" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. ஆண் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்து, எப்படியோ தேறியும் விட்டேன். மாமனார் ஆகப்போகிறவர் அசையவில்லை. "படிப்பு சரி, வேலை எங்க? தவக்காலத்துல கல்யாணம் கெடையாது, அதுவரைக்கும் பொறுக்கறேன். ஈஸ்டர் ஆச்சுன்னா பெரம்பூர் பையனுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரம்பூர்ப் பையன் ரயில்வேயில் இருந்தான்.

லஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ் தேவை என்று கேள்விப்பட்டு, மனு எழுத உட்கார்ந்தேன். முன் அனுபவம் சொல்ல வேண்டுமாம். கடைசி முதலாளியின் நற்சான்று வேண்டுமாம். 'நீண்ட ஓய்வுக்கான மரச்சாமான்கள் செய்யும் ஸ்தாபனம்' என்று எழுதி அடித்தேன். 'வாடிக்கைக்காரர் எவரும் குறை சொன்னதில்லை' என்று எழுதி அதையும் அடித்தேன்.

அக்கா ரோசலி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடா, காலைலேந்து எழுதிக்கினு கீறே? கட்டில் கடைன்னு எழுதிட்டுப் போயேன்."

"எந்தக் கட்டிலுக்கு அக்கா மூடி இருக்கு?"

"அதை அவங்க கேட்டாதானே?"

முடிவில் 'மரச்சாமான் கடை' என்று மட்டும் போட்டேன். எல்லாவற்றையும் விடக் கடைசி வரிதான் கழுத்தை அறுத்தது. 'தங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திக்கும்' என்று மனுவை முடிப்பதுதான் மரியாதை. சவப்பெட்டிக் கடை ஆள் அப்படி எழுதினால் எந்த டாக்டர் நம்புவார்?

நற்சான்றுக்காக முதலாளியிடம் போனேன். "வெள்ளைக் காயிதத்துல நாலு வரி போதும் முதலாளி. கடைப் பேரு வேணாம்."

"இன்னா நைனா, நம்ம கடைக்கு இன்னா கொறச்சல்?" அவர் முகம் வாடிவிட்டது. "நீ கவலைப்படாம போ. நானே டைப் அடிச்சுக் கொண்டாந்து குடுக்கறேன்."

அங்கேயே காலைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேர்காணல் அன்று டாக்டர் என் மனுவைப் படித்தார். "மரச்சாமான்னு போட்டிருக்கீர். நற்சான்று எங்கே?" என்றார். நான் சட்டைப் பையைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் குளம்புச் சத்தம்.

சூசை முதலாளிக்கு என்மேல் அபாரப் பிரியம். என் நற்சான்று ரிக்‌ஷாவில் வருவது எனக்கு அவமானம் என்று நினைத்திருக்கிறார். கடையின் பெரிய சவ வண்டியையே பூட்டிவிட்டார். இரண்டு கறுப்புக் குதிரைகள், தலையில் கறுப்பு இறகு, கண்ணாடி வைத்த கறுப்பு வண்டி. அது நேராக ஆஸ்பத்திரி முகப்பில் வந்து நின்றது. கறுப்புக் கோட்டில் இறங்கிய முதலாளி தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு வார்டு வழியாக நடந்து வந்தார். தொழில் பழக்கம் விடுமா? ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே நின்று, தலை தாழ்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கறுப்புக் கரை போட்ட காகிதத்தை டாக்டர் வாங்கி உரக்கப் படித்தார். "'இவர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்வார். ஓரங்குலம் பிசகாது. எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் எங்கள் கடையுடன் தொடர்பு விடமாட்டார்.'" காகிதத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு என்ன அளவு?"

பயந்தவன் வாயில் உண்மைதான் முதலில் வரும். "அஞ்சே முக்கால் அடி, சார். தோள் கொஞ்சம் அகலம். தாராளமாவே செய்யணும்."

"தேக்குலயா, டாக்டர்?" என்றார் முதலாளி.

அவ்வளவுதான், பிலோமினா பெரம்பூருக்கு ரயில் ஏறிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அப்போது ஒரு நர்ஸம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டாக்டர், முதுகுவலி மிராசுதார் எழுந்து போயிட்டார். கால் வீக்கம்னு இருந்தவரும் காணோம்."

டாக்டர் ஜன்னலுக்குப் போனார். படுத்த படுக்கை என்று வாரக்கணக்காகச் சாதித்த இருவரும், செருப்புகூட இல்லாமல், லஸ் மூலையில் ஓடுகிற டிராமைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இடத்து மனிதர்கள், போகச் சொல்ல முடியாது. அவர்களால் இடமில்லாமல் தாழ்வாரத்தில் பாயில் கிடந்த ஜுரக்காரர்களை டாக்டர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கே வந்து சேரும்" என்றார். முதலாளியிடம், "நீர் மட்டும் இனிமே இந்தப் பக்கம் வரப்படாது" என்றார். (அவருக்கு அதில் இன்றுவரை வருத்தம்.)

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. குதிரைகளுக்கு வெள்ளை இறகு மாட்டி, அதே வண்டியில் ஊர்வலம் விடுவதாக முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். மாமனார் என் கையைப் பிடித்து, கோயிலுக்கு நடத்தியே கூட்டிப் போனார்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்புகிற வழியாய்க் காணோம் என்றால், பிலோமினா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "இன்னாங்க, அவரைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நான் வாசற்படியில் வந்து நிற்பேன். தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஒரு பார்வை பார்ப்பேன். விருந்தாளிக்கு உடனே கடைசி டிராம் ஞாபகம் வந்துவிடும்.