தாத்தாவின் எழுத்தோடு வந்த வைரஸ்

அன்புள்ள மச்சான் சேதுராமன் அவர்களுக்கு,

கண்டியிலிருந்து தம்பிராஜா வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை அன்னலட்சுமியும் மகள் தர்சிகாவும் சுகம். உங்கள் ஊர் மடுல்கெல்ல மலைக் குளிரிலும் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

தர்சிகாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். பதில், வேண்டாம். கோபப்படாமல் மேலே படியுங்கள். நம் பிள்ளை ஆய்வுகூடத்தில் கொரோனா வைரஸில் புதிய கிளை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குப் பெயர் கேட்டு வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு எழுதியும் அனுப்பிவிட்டாள்.

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அந்தக் கிருமிக்குள் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துகள் இருக்கின்றனவாம், அது பெருகும்போது எங்கேயாவது ஓர் எழுத்து மாறுமாம், அப்படி மாறி மாறிக் கிளை பிரிந்தால் அப்பன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஓர் எண் போடுவார்களாம், அதுதான் பிள்ளையின் பெயர். இவள் பார்த்த நோயாளிகளின் மாதிரிகளில் எல்லாம் ஓர் இடத்தில் தாத்தா வைரஸின் எழுத்து இருந்தது. அப்பன் அதை மாற்றியிருந்தான், பிள்ளை பழையபடி தாத்தாவிடமே திரும்பிவிட்டான். எனக்குப் புல்லரித்துவிட்டது மச்சான். கண்ணுக்கே தெரியாத ஒன்று முப்பதாயிரத்தில் அந்த ஓர் எழுத்தை மட்டும் சரியாகத் திருப்பிப் போட்டிருக்கிறது, அதை நம் வீட்டுப் பிள்ளை படித்திருக்கிறாள்! நம் வழக்கப்படி தாத்தா பெயரையே வைத்துவிடு, எனக்கும் தாத்தா பெயர்தானே வைத்தார்கள் என்றேன். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

“ஒரு எழுத்துதான்ப்பா தாத்தாவோடது. மத்ததெல்லாம் அப்பன்கிட்ட இருந்து வந்தது. தாத்தா பேர வச்சா, நடுவுல அப்பன்னு ஒருத்தன் இருந்ததே இல்லன்னு ஆயிடும்.”

ஓர் அப்பனாக நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

மறுநாள் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், தர்சிகா, பூசம் என்றேன், என்ன வேண்டுதல் என்றார், எங்கள் வைரஸுக்கு நல்லபடியாகப் பெயர் கிடைக்க வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசையைக் காணவில்லை. கற்பூரத் தட்டும் என் பக்கம் வராமலே உள்ளே போய்விட்டது. சரி, கடைக்காவது போவோம் என்று போனால், பக்கத்துக் கடை பாயிஸ் நானா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “அது இப்ப எங்க ஈக்கிது?” என்றார். கம்ப்யூட்டரில் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் ஹார்ட்வேர் கடைக்கு ஓர் ஆணி வாங்கக்கூட ஆள் வரவில்லை. உங்கள் தங்கையோ மகளின் உடுப்பையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்குகிறாள். ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட்டு இப்போது கல்யாண வீட்டு வேட்டி மாதிரி இருக்கிறது.

பரவாயில்லை மச்சான். உலகத்து வைரஸ்களின் வம்ச மரத்தில் ஒரு கிளையைப் பார்த்துச் சொன்னவள் நம் பிள்ளை. அவளை அங்கே கூப்பிடாதீர்கள்.

வீட்டில் பரிமளம் அக்காவுக்கு என் வணக்கம். மாரியம்மன் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும், உங்களுக்குக் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
தம்பிராஜா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தர்சிகா வந்தாள். வைரஸில் அந்த இடத்தில் இருந்தது தாத்தாவின் எழுத்தே இல்லையாம். எல்லா மாதிரிகளிலும் அந்த ஓர் இடத்தை இயந்திரம் படிக்கவில்லை. படிக்காத இடத்தைத் தெரியாது என்று விடாமல், கணினி தானாகவே தாத்தாவின் பழைய எழுத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறது. வைரஸ் எங்கேயும் திரும்பவில்லை. புதிய கிளையும் இல்லை, பெயரும் இல்லை. வேறு யாரும் பிழை பிடிக்கவில்லை, இவளே சந்தேகப்பட்டு மறுபடி பார்த்து, பெயர் வேண்டாம் என்று குழுவுக்கு எழுதிவிட்டாள். பேசாமல் இருந்திருக்கலாமே என்றேன்.

“அப்புறம் எல்லாரும் அது திரும்பிருச்சுன்னு நம்பிருவாங்களேப்பா” என்றாள்.

கண்டுபிடித்தாள் என்றபோது வந்த பெருமையைவிட இது பெரிதாக இருக்கிறது மச்சான். ஆகவே மேலே உள்ள வைரஸ் கதை முழுவதையும் அடித்துவிடுங்கள். வேலை வேண்டாம் என்றதை மட்டும் அடிக்காதீர்கள்.